சிறுபட்டறையும் சுகாதாரச் சட்டமும்

மருதமுனையிலிருந்து வடக்கே பெரியநீலாவணையை நோக்கி நடந்து வந்தோர், சில பத்தாண்டுகளுக்கு முன்பெல்லாம், வீடுகளின் உள்ளிருந்து எழும் தறியொலியைக் கேளாது அவ்வழியைக் கடந்திருக்கமாட்டார். சாரமும் சேலையும் நெய்த அத்தறிகளுட் பல வீட்டு விறாந்தையிலோ, வீட்டோடு ஒட்டி இறக்கிய கொட்டிலிலோ அமைந்திருந்தன. குடும்பத் தலைவன் தறியில் அமர்வான். மனையாள் பாவுக்கு நூலை ஒழுங்கு செய்வாள். பிள்ளைகள் நூல் சுற்றுவர். அவ்விடம் வீடா, தொழிற்றலமா என்று கேட்டால் ஊரவர் நகைப்பர். அது வீடுமாம், தொழிற்றலமுமாம். ஆயின், இவ்வெளிய வினாவுக்கு விடை காணவியலாமல் இருபதாம் நூற்றாண்டின் சட்டங்கள் பல இடறி வீழ்ந்தன என்பதை வரலாறு காட்டுகின்றது.

தொழில் செய்யும் இடத்தில் காற்றும் ஒளியும் இருத்தல் வேண்டும், கழிவுநீர் தேங்கலாகாது, மலசலகூடம் தனியே அமைதல் வேண்டும், ஓரறையில் இத்தனை பேருக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதிகளை வகுப்பதில் அக்காலத்து அரசுகள் பெரிதும் பின்னின்றன அல்ல. விதிகள் மலிந்திருந்தன. அவை எந்தக் கதவுவரை செல்லலாம் என்பதே வழக்காயிருந்தது. தொழிற்சாலைப் பரிசோதகர் எத்தனை தொழிலாளர் உள்ள இடத்துள் நுழையலாம், நீராவியோ மின்விசையோ இல்லாத இடத்துள் நுழையலாமா, குடும்பத்தவர் மட்டும் வேலை செய்யும் இடத்துள் நுழையலாமா என்பன போன்ற எல்லைக்கோடுகளே தொழிலாளியின் நுரையீரலுக்குரிய விதியை நிர்ணயித்தன. இதனைப் பெரும்பாலும் புகையிலைத் தொழிலின் வரலாற்றைக் கொண்டே விளக்க முயல்வோம். ஏனெனில் இத்தொழிலுக்கு ஒரு பாயும், ஒரு கத்தரிக்கோலும், ஒரு சுளகும் போதும். இத்துணை எளிதாக இடம்பெயரக்கூடிய தொழில் வேறு சிலவே உள.

நம் நாட்டுச் சட்டங்களின் மூலம் இங்கிலாந்து ஆதலின் அங்கிருந்து தொடங்குதல் முறையாகும். 1878ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம், இயந்திர விசை கொண்டு தொழில் நடக்கும் இடத்தைத் தொழிற்சாலை என்றும், கைத்திறனால் மட்டும் நடக்கும் இடத்தைப் பட்டறை என்றும் வேறு பிரித்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் பட்டறைகளின் சுகாதாரத்தை மேற்பார்க்கும் பொறுப்பை உள்ளூராட்சிச் சபைகளிடம் ஒப்புவித்தது. தொழிற்சாலைக்கு மத்திய அரசின் பரிசோதகர், பட்டறைக்கு ஊர்ச் சபையின் சுகாதாரப் பரிசோதகர் என்ற இரட்டை முறை இவ்வாறு வேரூன்றிற்று. 1895ஆம் ஆண்டில், தொழிலாளி ஒருவருக்கு 250 கன அடி காற்றிடம் இருத்தல் வேண்டும் என்றும், மேலதிக நேரம் வேலை செய்யும்போது அது 400 கன அடியாதல் வேண்டும் என்றும் அளவு குறிக்கப்பட்டது. பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உடைய அறையொன்றில் நால்வர் இருக்கலாம் என்பது இதன் பொருள். இவ்வளவு தாராளமற்ற அளவுகூட, பின்னர் நாம் காணப்போகும் பட்டறைகளில் ஒரு கனவாகவே இருந்தது. 1901ஆம் ஆண்டுச் சட்டம் இவையெல்லாவற்றையும் ஒருங்கு தொகுத்து, நிலத்தின் கீழ் அமைந்த பாண் போறணைகள் 1904ஆம் ஆண்டு தொடக்கத்தின் பின் சபையின் தகுதிச் சான்று இன்றி நடத்தப்படலாகாது எனவும் விதித்தது.

ஊர்ச் சபைகள் யாவும் இப்பொறுப்பை ஒரே ஊக்கத்துடன் ஏற்றன எனக் கொள்ளலாகாது. தம் கடைக்கும் பட்டறைக்கும் உடைமையாளராயிருந்தோரே சபைகளில் உறுப்பினராகவும் இருந்தனர். எனினும் இலண்டனின் கென்சிங்டன் சபை 1893ஆம் ஆண்டில் உலூசி டீன், உரோசு சுகுவையர் என்னும் பெண்கள் இருவரைச் சுகாதாரப் பரிசோதகராக நியமித்தமை குறிப்பிடத்தக்கது. தையற் பட்டறைகளிலும் சலவையகங்களிலும் வேலை செய்த பெண்கள் ஆண் பரிசோதகரிடம் கூறாதனவற்றை இவர்களிடம் கூறினர். இவ்விருவரும் பின்னர் அரசின் தொழிற்சாலைப் பரிசோதகராயினர். கல்நார்த் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது என்று 1898ஆம் ஆண்டறிக்கையிலேயே எச்சரித்தவர் இந்த உலூசி டீன் ஆவார். உலகம் அவ்வெச்சரிக்கையைச் செவிமடுக்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இலங்கையில் இவ்விரட்டை முறையின் ஒரு பாதியே முதலில் வந்து சேர்ந்தது. அதாவது, ஊர்ச் சபையின் சுகாதாரப் பரிசோதகர் வந்தார், தொழிற்சாலைப் பரிசோதகர் வரவில்லை. 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம், 1865ஆம் ஆண்டின் மாநகரசபைக் கட்டளைச் சட்டம், 1876ஆம் ஆண்டின் உள்ளூர்ச் சுகாதார சபைக் கட்டளைச் சட்டம், சிறு பட்டினங்களுக்கென வகுத்த 1892ஆம் ஆண்டின் சுகாதாரக் கட்டளைச் சட்டம் என்பன ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இறுதியிற் கூறிய சட்டத்தின் கீழ் அமைந்த சபையையே நம் பக்கத்து முதியோர் 'சனிட்டரி போட்' என்று வழங்கினர். 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் பிரியும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கல்முனைப் பகுதிக்கு அரசின் சுகாதாரக் கை எட்டியது இத்தகைய சபைகள் வழியாகவே. வடிகால், குப்பை, சந்தை, இறைச்சிக் கடை என்பவற்றோடு அக்கையின் நீளம் முடிந்துவிட்டது.

கொழும்பில் நிலைமை சற்றே வேறு. 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிளேக்கு நோய் அந்நகரிற் புகுந்தது. எலிகள் நிறைந்த தானியக் கிட்டங்கிகளும், அவற்றை அடுத்த நெருக்கமான குடியிருப்புக்களும் நோய்க்கு இருப்பிடமாயின. மாநகரசபையின் சுகாதார வைத்திய அதிகாரியாயிருந்த மார்சல் பிலிப் என்பவரின் மேற்பார்வையில் எலிப் பரிசோதனை, வீடுகளைத் திறந்து புகையூட்டல் முதலிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டன. அடுத்த ஆண்டில், அதாவது 1915இல், வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. இவற்றோடு பாண் போறணை, சாப்பாட்டுக் கடை, தேநீர்க் கடை, பாற்பண்ணை, சலவைத்தலம் ஆகியன உத்தரவுப் பத்திரம் பெற்றே நடத்தப்படல் வேண்டும் என்னும் துணைவிதிகளும் இறுக்கம் பெற்றன.

இப்பட்டியலைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். இவையெல்லாம் பிறர் வாயிலோ உடலிலோ சென்று சேரும் பொருள்களை ஆக்கும் இடங்கள். பாண் உண்பவனுக்கு நோய் வரலாகாது. வெளுத்த துணியை அணிபவனுக்குத் தொற்று வரலாகாது. மா பிசையும் ஆள் போறணையின் வெக்கையில் இரவு முழுதும் நின்று இருமுவதும், அவன் மாச் சாக்கின் மேலேயே உறங்குவதும் பரிசோதகரின் கண்ணிற் படுமாயின், அவன் பொருட்டன்று, அவன் பிசைந்த மாவின் பொருட்டே படும். நகரச் சுகாதாரச் சட்டம் வாங்குபவனைக் காத்தது. செய்பவனைக் காத்தது தற்செயலாகவே. இதனைக் குறையென்று மட்டும் கூறி ஒதுக்குதல் நீதியாகாது. அத்தற்செயலான காவலும் இல்லாத தொழில்கள் பல இருந்தன.

அவற்றுள் ஒன்று யாழ்ப்பாணத்துச் சுருட்டுத் தொழில். சுருட்டுக் கொட்டில்களில் தொழிலாளர் நிலத்தில் வரிசையாக அமர்ந்து, நாள் முழுதும் புகையிலைத் தூசியைச் சுவாசித்து வேலை செய்தனர். கொட்டிலில் ஒருவர் பத்திரிகையையோ கதையையோ உரத்து வாசிக்க ஏனையோர் சுற்றிக்கொண்டே கேட்கும் வழக்கமும் இருந்தது. நம் நாட்டு அரசியற் கல்விக்கு அக்கொட்டில்கள் ஆற்றிய தொண்டு தனியே எழுதப்படவேண்டியது. ஆயின் அங்கே விசை இல்லை. ஆகவே 1896ஆம் ஆண்டின் சுரங்க, இயந்திரப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காணவில்லை. சுருட்டு உண்பொருளன்று, ஆகவே உணவுத் துணைவிதியும் அவற்றைக் காணவில்லை. 1923ஆம் ஆண்டில் பெண்கள், இளைஞர், பிள்ளைகளை வேலைக்கமர்த்தல் பற்றிய கட்டளைச் சட்டமும், 1941ஆம் ஆண்டில் சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டமும் வந்தன. பின்னையதன் கீழ்ச் சுருட்டுத் தொழிலுக்கும் சம்பள சபை அமைந்தது. கூலிக்கு அளவு வந்தது, காற்றுக்கு வரவில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னை மாகாணத்தில், இதே புகையிலை பீடியாக உருமாறித் தொழிலாளரைத் திரட்டிக்கொண்டிருந்தது. அங்கு முறையின் மற்றைப் பாதி, அதாவது தொழிற்சாலைச் சட்டம், முந்தியே வந்திருந்தது. 1881ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் விசை கொண்டு இயங்கி நூறு பேரையேனும் அமர்த்திய இடங்களையே தழுவிற்று. 1891இல் அவ்வெண் ஐம்பதாகக் குறைந்தது. 1922இல் இருபதாயிற்று. அன்றியும், பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தை, விசை இருப்பினும் இல்லாவிடினும், தொழிற்சாலையென அறிவிக்கும் அதிகாரம் மாகாண அரசுகளுக்கு 1922இல் வழங்கப்பட்டது. இவ்வதிகாரத்தை மாகாணங்கள் பெரும்பாலும் பயன்படுத்தவில்லை. நூறு, ஐம்பது, இருபது, பத்து என்று இறங்கிவரும் இவ்வெண்களை ஏணிப்படிகளாகக் கொள்ளலாம். சட்டம் ஒவ்வொரு படியாக இறங்குந்தோறும் தொழில் அதற்கு ஒரு படி கீழே இறங்கி நின்றது.

சட்டம் தழுவிய இடங்களிலும் மேற்பார்வை எவ்வாறிருந்தது? 1907ஆம் ஆண்டில் மொரிசன் என்பவரின் தலைமையில் அமைந்த இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணைக்குழு இதனை ஆராய்ந்து 1908இல் அறிக்கை விடுத்தது. பல மாவட்டங்களில் நீதிபரிபாலன அதிகாரியும் அரசாங்க வைத்தியருமே தம் பதவியின் காரணமாகத் தொழிற்சாலைப் பரிசோதகராகவும் இருந்தனர். வழக்கு விசாரணையும் வைத்தியசாலையும் போக எஞ்சிய பொழுதில் அவர்கள் தொழிற்சாலையைப் பார்வையிட்டனர். முழுநேரப் பரிசோதகர் இல்லாத இடங்களில் சட்டம் பெயரளவினதாகவே இருந்தது என்பது ஆணைக்குழுவுக்குப் புலப்பட்டது. அதன் உறுப்பினருள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த வைத்தியர் டி. எம். நாயர். பின்னாளில், 1916இல், பிட்டி தியாகராயச் செட்டியாருடன் சேர்ந்து நீதிக் கட்சியைத் தோற்றுவித்தவர் இவரே. வயது வந்த ஆண்களின் வேலை நேரத்தை நேரடியாகச் சட்டத்தால் வரையறுத்தல் ஆகாதென்று பெரும்பான்மையோர் கூற, நாயர் உடன்படாது தம் மாறுபாட்டுக் குறிப்பைத் தனியே எழுதினார். எடின்பரோவிற் பயின்ற அவ்வைத்தியருக்கு நீண்ட நேர வேலை என்பது கணக்குப் புத்தகத்து விடயமாகத் தோன்றவில்லை; உடலின் விடயமாகத் தோன்றிற்று. அரசியல்வாதியான நாயரை அறிந்த நம்மவர் பலர் இக்குறிப்பை எழுதிய நாயரை அறியார்.

ஆயினும் 1908ஆம் ஆண்டு ஆணைக்குழு பார்த்தவை பெரும்பாலும் ஆலைகளே. சிறுபட்டறையின் கதவைத் தட்டியது, பிரித்தானியப் பொதுச்சபையின் முன்னாட் சபாநாயகர் விற்லி தலைமையில் 1929இல் நியமனம் பெற்ற அரச தொழில் ஆணைக்குழுவாகும். சீனிவாச சாத்திரியாரும் என். எம். சோசியும் அதில் உறுப்பினராயிருந்தனர். 1931இல் வெளிவந்த அதன் அறிக்கை, சட்டத்துக்கு உட்படாத தொழிற்றலங்கள் என ஒரு பகுதியை வகுத்து, பீடி, கம்பளம், தோல் பதனிடல், அப்பிரகம், அரக்கு ஆகிய தொழில்களை எடுத்துரைத்தது.

பீடிப் பட்டறைகளைப் பற்றி அவ்வறிக்கை தரும் செய்திகள் இன்றும் மனத்தை வருத்துவன. சாளரமில்லாத சிற்றறைகளில் ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டு தொழிலாளர் அமர்ந்திருந்தனர். நடுவே நடந்து செல்ல வழியில்லை. சில பட்டறைகள் பாதி நிலத்துள் புதைந்த இருட்டறைகள். நிலம் ஈரமண், அவ்வீரத்திலேயே நாள் முழுதும் குந்தியிருத்தல் வேண்டும். மலசலகூடம் இல்லை, குப்பையை அகற்றும் ஒழுங்கு இல்லை. கூலி எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கொடுக்கப்பட்டமையால் வேலை நேரத்தை எவரும் வரையறுக்கவில்லை. சில இடங்கள் இரவும் பகலும் திறந்திருந்தன. ஐந்து வயதுப் பிள்ளைகள்கூடப் பத்து, பன்னிரண்டு மணிநேரம் சில பட்டறைகளில் வேலை செய்யக் காணப்பட்டனர். அவர்களுட் சிறியோர்க்கு நாளொன்றுக்குக் கிடைத்தது இரண்டணா அளவே.

இவ்விடங்களுக்கு விதியே இல்லையா எனின், இருந்தது. 1919ஆம் ஆண்டின் சென்னை நகர மாநகராட்சிச் சட்டமும், 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிச் சட்டமும், அருவருப்பும் ஆபத்தும் விளைக்கக்கூடிய தொழில்கள் உத்தரவுப் பத்திரம் பெற்றே நடத்தப்படல் வேண்டும் என விதித்திருந்தன. தோல் பதனிடல் போன்ற தொழில்களை ஊருக்குப் புறத்தே தள்ள அவ்விதி பயன்பட்டது. அயலவரின் மூக்குக்கு வந்த தொல்லையைச் சட்டம் உடனே உணர்ந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரை நின்று தோலைப் புரட்டியவனின் காலைப் பற்றி அது யாதும் பேசவில்லை. கொழும்பிற் கண்ட அதே குறையைச் சென்னையிலும் காண்கின்றோம். விசையில்லாப் பட்டறைகளுக்கெனச் சுருக்கமும் எளிமையும் வாய்ந்த தனிச் சட்டம் ஒன்று வேண்டும் என்று விற்லி ஆணைக்குழு பரிந்துரைத்தது. விதிமீறியோர்க்கு நீதிமன்றங்கள் விதித்த தண்டம் மிகச் சிறிதாயிருந்தமையையும் அது கண்டித்தது. சிறு தண்டத்தைச் செலுத்திவிட்டுப் பழையபடி நடத்துவது பல முதலாளிகளுக்கு இலாபமாகவே இருந்தது.

இதே புகையிலை, இதே வினா, வேறோர் கண்டத்தில் அரை நூற்றாண்டு முந்தியே எழுந்தது என்பது வியப்புக்குரியது. நியூயோர்க்கு நகரில் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த அடுக்குமாடிகளில் குடும்பங்குடும்பமாகச் சுருட்டுச் சுற்றினர். உண்பதும் உறங்குவதும் பிள்ளை பெறுவதும் புகையிலைக் குவியலின் நடுவே. 1882இல், சட்டசபையின் இளம் உறுப்பினராயிருந்த தியோடர் உரூசுவெல்ற்று, இதனைத் தடுக்கும் மசோதாவை எதிர்க்கும் எண்ணத்தோடு அவ்வீடுகளைப் பார்வையிடச் சென்று, கண்ட காட்சியால் மனம் மாறி அதனை ஆதரித்தார். 1884இல் தடைச்சட்டம் நிறைவேறியது. 1885இல் அம்மாநிலத்தின் மேல்நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. ஒருவன் தன் வீட்டில் தன் தொழிலைச் செய்யும் சுதந்திரத்தைச் சட்டம் பறிக்கலாகாது என்பதே நீதிபதிகள் கூறிய காரணத்தின் சாரம். அவ்வீடு அவனதன்று, வாடகைக்குக் கொடுத்தவன் சுருட்டு முதலாளியே ஆகவும் கூடும் என்பது அவர்கள் நோக்கிற் படவில்லை.

பாண் போறணைகளிலும் நியூயோர்க்கின் அனுபவம் கற்கத்தக்கது. 1895ஆம் ஆண்டுச் சட்டம் நிலவறைப் போறணைகளுக்கு வடிகால், கூரையின் உயரம், தனி உறங்குமிடம் முதலியவற்றை விதித்தது. வாரம் 60 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது எனவும் விதித்தது. 1905இல் அமெரிக்க உயர்நீதிமன்றம், லொக்னர் என்னும் பாண் தொழிலதிபரின் வழக்கில், ஐவருக்கு நால்வராக, நேர வரம்பைத் தள்ளியது. சுகாதார விதிகள் நிலைத்தன. இச்சட்டம் வேண்டுமென முன்னர்த் தொழிற்சங்கத் தலைவராக நின்று போராடிய என்றி வைசுமன் என்பார், பின்னர்த் தாமே பாண் தொழிலிற் புகுந்து, அச்சட்டத்தை வீழ்த்த நீதிமன்றத்தில் வாதாடினார். மனிதன் நிற்கும் இடம் மாற அவன் சுகாதாரக் கொள்கையும் மாறுவதற்கு இதனினும் நல்ல சான்று கிடையாது.

நீதிமன்றமும் பரிசோதகரும் கைவிட்ட இடத்தில் ஒரு புதுமுறை தோன்றியது. 1910ஆம் ஆண்டில், பெண்களுக்கான மேலங்கி தைக்கும் தொழிலாளர் ஏறக்குறைய 60,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். லூயி பிராண்டைசின் முயற்சியால் அவ்வாண்டு செப்டெம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் ஒரு கூறாகக் கூட்டுச் சுகாதார சபை அமைந்தது: முதலாளிகள் சார்பில் இருவர், சங்கத்தின் சார்பில் இருவர், பொதுமக்கள் சார்பில் மூவர். பொதுமக்கள் சார்பில் வந்தோருள் லில்லியன் வால்டு என்னும் தாதியும் ஒருவர். செயலை நடத்தியவர் ஜார்ஜ் பிரைசு என்னும் வைத்தியர். உருசியாவிலிருந்து குடியேறி, இளமையில் அந்நகரின் சுகாதாரப் பரிசோதகராய் இருந்தவர். விதிகளை ஏற்ற பட்டறைக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. ஏற்காத பட்டறையிலிருந்து சங்கம் தன் ஆட்களை வெளியே அழைத்தது. 'சுகாதார வேலைநிறுத்தம்' என்று அதற்குப் பெயர். நீதிமன்றத் தண்டத்துக்கு அஞ்சாத முதலாளி, தறுவாய்க்காலத்தில் தையலாட்கள் எழுந்து போவதற்கு அஞ்சினான். பட்டறையின் உள்ளே நாள்தோறும் இருக்கும் தொழிலாளியே பரிசோதகனானமை இதன் சிறப்பு. ஆண்டுக்கொரு முறை வரும் அதிகாரிக்குக் கதவைக் கழுவிக் காட்டலாம், அவனுக்குக் காட்டவியலாது.

அச்சபையின் எல்லையும் அதன் ஒப்பந்தத்தோடு நின்றுவிட்டது என்பதையும் கூறுதல் வேண்டும். 1911 மார்ச் 25ஆம் நாள் தீக்கிரையான திரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை அவ்வுடன்படிக்கைக்குப் புறம்பானது. அதன் உரிமையாளர் சங்கத்தை ஏற்க மறுத்தவர். பூட்டிய கதவின் பின்னே சிக்கியும் மேன்மாடியிலிருந்து குதித்தும் 146 பேர், பெரும்பாலும் இளம்பெண்கள், மாண்டனர். அதன்பின் அமைந்த மாநில விசாரணைக் குழு பிரைசையே தன் பரிசோதனைக்குத் துணைக்கொண்டது. 1913இல் நிறைவேறிய சட்டங்கள், உணவுப் பொருள், பொம்மை, குழந்தைகளின் உடை என்பவற்றை அடுக்குமாடி வீடுகளில் செய்வதைத் தடுத்தன. இங்கும் முதலில் நினைவுக்கு வந்தவை வாங்குவோரின் குழந்தைகளே என்பதை வாசகர் கவனித்திருப்பர்.

சென்னைக்கு மீள்வோம். விற்லி ஆணைக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தை 1933ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் பீடி, கம்பளம், நெசவும் சாயமும், தீப்பெட்டி, தோல் முதலிய தொழில்களில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அமர்த்துதலைத் தடுத்தது. ஆயின் அதில் ஒரு விலக்கு இருந்தது: முதல்வன் தன் குடும்பத்தவரின் துணையோடு மட்டும் நடத்தும் பட்டறைக்கு அது பொருந்தாது. குடும்பத்தின் புனிதத்தை மதித்து எழுதிய வாசகம் அது. அதனை எழுதியோர் தீய எண்ணத்தினர் அல்லர். எனினும், பிள்ளையைப் பட்டறையிலிருந்து வெளியே அனுப்பிய முதலாளி, இலையையும் தூளையும் அப்பிள்ளையின் வீட்டுக்கே அனுப்புதற்கு அவ்வாசகம் தடையாகவில்லை.

1946–47இல் பேராசிரியர் நாராயணசாமி நாயுடு பீடி, சுருட்டு, மூக்குத்தூள், தோல் தொழிலாளர் நிலையைச் சென்னை அரசுக்காக விசாரித்தார். 1947இல் விசையில்லாத் தொழிற்சாலைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. விற்லி வேண்டிய தனிச்சட்டம் ஒருவாறு வந்தது எனலாம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமோ விசையுடன் பத்துப் பேர், விசையின்றி இருபது பேர் என எல்லையை வகுத்தது. உடனே பெரும்பட்டறைகள் சிறுபட்டறைகளாயின. முதலாளிக்கும் சுற்றுவோனுக்கும் இடையே ஒப்பந்தக்காரன் தோன்றினான். மத்தியப் பிரதேசத்தில் ஒரு பரிசோதகர் பீடித் தொழிற்சாலை ஒன்றுள் நுழைந்தபோது, வெளியே சுற்றுவித்த பீடிகளை ஒப்படைக்க வந்திருந்த ஒப்பந்தக்காரர் சிலர் அங்கிருந்தனர். அவர்கள் பெயர் தொழிலாளர் பதிவேட்டில் இல்லையென்று அவர் வழக்குத் தொடுத்தார். 1958இல் இந்திய உயர்நீதிமன்றம், அவர்கள் தொழிலாளர் அல்லர், தம் விருப்பப்படி தொழில் நடத்துவோர் என்று தீர்த்தது. அவர்கள் தொழிலாளர் அல்லராயின், அவர்களுக்காக வீடுகளிற் சுற்றியோர் யாவர்? சட்டத்தின் கண்ணில் அவர்கள் எவருமல்லர்.

1964இல் சேலத்துப் பீடித் தொழிலாளர் சங்கத்தின் வழக்கில் அதே நீதிமன்றம் வேறுவகையாக நோக்கிற்று. அங்கே ஒப்பந்தக்காரன் என்பான் முதலாளியின் கிளை முகவனே. ஆதலால் சுற்றுவோர் முதலாளியின் தொழிலாளரே என்று தீர்ப்பாயிற்று. ஆறாண்டுகளுள் ஏற்பட்ட இம்மாற்றம், எல்லைக்கோடு எங்கே உள்ளதென்பது சொற்களின் பொருளைப் பொறுத்தது என்பதைக் காட்டுகின்றது. 1966இல் நாடு முழுமைக்குமான பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. தூய்மை, காற்றோட்டம், நெருக்கமின்மை, குடிநீர், மலசலகூடம் எல்லாம் அதில் இடம்பெற்றன. வீட்டிற் சுற்றுவோருக்கும் சில உரிமைகள் கிட்டின. ஆயின் தம் சொந்த வீட்டில் தாமே தொழில் நடத்துவோர் அதற்கும் புறம்பானவர்.

1968ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கேரள அரசு அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது, மங்களூர்க் கணேசு பீடி நிறுவனம் கண்ணூர்ப் பகுதியிலிருந்த தன் பட்டறைகளை மூடிவிட்டது. சுமார் 12,000 பேர் வேலையிழந்தனர். சுகாதார விதி வந்ததனால் அடுப்பு அணைந்தது என்று அவ்வீடுகளிற் கூறியிருப்பராயின் அவர்களை நாம் குறைகூறவியலாது. 1969 பெப்பிரவரியில் அத்தொழிலாளர் அரசின் துணையோடு தினேசு பீடிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். சட்டம் விதித்த வசதிகளோடு கூடிய வேலைத்தலங்களைத் தாமே அமைத்தனர். யாழ்ப்பாணத்துக் கொட்டிலிற் போல அங்கும் ஒருவர் பத்திரிகை வாசிக்க ஏனையோர் கேட்டனர். தமிழ்நாட்டின் மேலப்பாளையம், முக்கூடல் பக்கங்களிலோ பீடி வீட்டுத் திண்ணைக்கே சென்றது. அங்கு அதனைச் சுற்றுவோர் பெரும்பாலும் பெண்கள். புகையிலையின் நஞ்சு தோல் வழியாகவே உடலுட் சேரும் என்பது இன்று மருத்துவம் நன்கறிந்த செய்தி. சுளகை மடியில் வைத்துச் சுற்றும் தாயின் அருகிற் கிடக்கும் குழந்தையும் அத்தூசியையே சுவாசிக்கின்றது.

இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இங்கிலாந்தின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி எழுந்தது. தொழிற்சாலை, பட்டறை என்ற பழைய பாகுபாட்டை அந்த ஆங்கிலச் சட்டம் ஒழித்துவிட்டமையால், அதன் வழிவந்த நம் சட்டம் இந்தியச் சட்டம்போல் ஆள்தொகையை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இவ்வகையில் அது மேம்பட்டதே. எனினும் உடலுழைப்புக்கென ஆட்கள் அமர்த்தப்பட்ட இடம் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. விறாந்தையில் தறி போட்ட குடும்பத்தில் எவரும் எவரையும் அமர்த்தவில்லை. தகப்பன் முதலாளியுமல்லன், மகள் தொழிலாளியுமல்லள். நூலைக் கடனாகக் கொடுத்துச் சாரத்தைப் பெற்றுச் செல்லும் வியாபாரியோ வீட்டுப் படியேறாதவன்.

பஞ்சின் நுண்தூசி நெடுங்காலம் சுவாசித்தோருக்கு நெஞ்சிறுக்க நோயைத் தரும் என்பதையும், பழைய சாயங்கள் சிலவற்றிலிருந்து பிறக்கும் பொருள்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை விளைக்கும் என்பதையும் அறிவுலகம் உறுதிசெய்து பல்லாண்டுகளாயின. 1977இன் பின் திறந்த சந்தையில் வந்திறங்கிய துணிகளோடு போட்டியிட இயலாமல் நம் கரையோரத்துத் தறிகளுட் பல ஓய்ந்தன. 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து எஞ்சியவற்றுட் பலவற்றை வாரிச் சென்றது. எனினும் மருதமுனைச் சாரத்துக்கு இன்றும் வாங்குவோர் உளர்; தறி இன்றும் ஓடுகின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவ்வீடுகளுக்கு வருவது நுளம்புக் குடம்பியைத் தேடியே. கிணற்றடியில் தேங்கிய தண்ணீரை அவர் குனிந்து பார்ப்பார். அதன் நிறத்தைப் பற்றிக் கேட்பது அவர் பத்திரத்தில் இல்லை.